எஞ்சினைப் பழுதிலிருந்து படிப்போம்

மாணவர்களே, நான்கு அடிப்புப் பெற்றோல் எஞ்சினின் படத்தை நீங்கள் ஒரு தடவையாவது வரைந்திருப்பீர்கள். உள்ளெடுத்தல், நெருக்கல், வலு, வெளியேற்றல் என்று நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் உருளை, அதற்குள் ஒரு முசலம், மேலே இரண்டு வால்வுகள், நடுவில் ஒரு பிளக். அம்புக்குறி போட்டுப் பெயரும் குறித்துவிட்டால் முழுப் புள்ளியும் கிடைத்துவிடும். நானும் அப்படித்தான் புள்ளி வாங்கினேன். பின்னர் ஒருநாள் தெருவோரம் நின்றுபோன கார் ஒன்றின் மூடியைத் தூக்கிப் பார்த்தபோது, நான் வரைந்த படத்தில் இருந்தவற்றுள் பிளக்கைத் தவிர வேறெதையும் அங்கே என்னால் அடையாளம் காண முடியவில்லை.

படத்தில் உள்ள எஞ்சின் ஒருபோதும் பழுதாவதில்லை. அதில் எண்ணெய் ஒழுகாது, தண்ணீர் கொதிக்காது, வால்வு கருகாது. ஆகவே அது ஏன் அப்படி அமைக்கப்பட்டது என்ற கேள்வியும் நமக்கு எழுவதில்லை. என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பாடசாலையில் எஞ்சினைப் பழுதிலிருந்து தொடங்கிக் கற்பிக்க வேண்டும். முதலில் ஒரு பழுது. அதன் பின் அதற்குக் காரணமான அமைப்பு. அதன் பின் அந்த அமைப்பைத் தெரிந்தெடுத்தவர்களின் நியாயம். இந்த வரிசையில் படித்தால் நான்கு அடிப்புகளும் தாமாகவே மனதில் பதியும்.

வெறும் கருத்தாகச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆகையால் ஓர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். நமது நாட்டின் தெருக்களில் இன்றும் காணக்கூடிய மொறிஸ் மைனர் காரின் எஞ்சின் அது. ஆமையோட்டைக் கவிழ்த்தது போன்ற உடலும், இரண்டு பக்கமும் பிதுங்கிய மட்காட்டும் கொண்ட அந்தக் காரை உங்கள் தாத்தாமாருக்கு நன்றாகத் தெரியும்.

இங்கிலாந்தில் 1948ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் வெளிவந்தபோது அதற்குள் இருந்தது வேறோர் எஞ்சின். 918 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள, வால்வுகள் உருளைக்குப் பக்கத்தில் நிற்கும் பழைய வகை. 1951இல் ஒஸ்ரின் நிறுவனம் தனது ஏ-30 என்ற சிறிய காருக்காக 803 க.செ.மீ. எஞ்சின் ஒன்றைப் புதிதாக அமைத்தது. மறு ஆண்டே ஒஸ்ரினும் மொறிசும் ஒரே நிறுவனமாக இணைந்தன. போட்டிக்காரனின் எஞ்சின் வீட்டு எஞ்சின் ஆயிற்று. மைனருக்குள்ளும் அது ஏறியது. 1956இல் அதை 948 ஆகவும், 1962இல் 1098 ஆகவும் பெருப்பித்தார்கள். மைனர் கார் 1971இல் நின்றுபோயிற்று. ஆனால் அந்த எஞ்சின் குடும்பம், 'ஏ வரிசை' என்ற பெயருடன், மினி காருக்குள் 2000ஆம் ஆண்டுவரை செய்யப்பட்டது. ஐம்பது ஆண்டுகள்! இவ்வளவு நீண்ட ஆயுள் உடைய ஒன்றில் குறையே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். குறைகள் நிறைய உண்டு.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். உடலும் வார்ப்பிரும்பு, மேலே மூடும் தலைப்பகுதியும் வார்ப்பிரும்பு. வரிசையாக நான்கு உருளைகள். கீழே சுழலும் கிராங்குத்தண்டை மூன்று இடங்களில் மட்டுமே தாங்கிகள் பிடித்திருக்கின்றன. வால்வுகள் தலைப்பகுதியில் இருந்தாலும் அவற்றைத் திறக்கும் கேம் தண்டு கீழே, எஞ்சின் உடலின் ஒரு பக்கத்தில் இருக்கிறது. கேம் தண்டின் அசைவை மேலே கொண்டு செல்வதற்கு எட்டு மெல்லிய தள்ளுதண்டுகள். மேலே தராசுக்கோல் போன்ற நெம்புகள். தள்ளுதண்டு ஒரு முனையைத் தூக்க, மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கும்.

இங்கேதான் கதை தொடங்குகிறது. அந்த எட்டுத் தள்ளுதண்டுகளும் தலைப்பகுதியின் ஒரே பக்கத்தினூடாக மேலே செல்கின்றன. அதே பக்கத்தில்தான் கலவை உள்ளே வரும் வழிகளும் புகை வெளியே போகும் வழிகளும் இருக்கின்றன. மறுபக்கம் பிளக்குகளுக்கு. நான்கு உருளைக்கு நான்கு உள்வழி, நான்கு வெளிவழி, ஆக எட்டு வழி வேண்டும். தள்ளுதண்டுகளுக்கு இடையே எட்டு வழிக்கு இடம் ஏது? ஆகவே கூட்டுவழி வைத்தார்கள். முதலாம் இரண்டாம் உருளைகளுக்கு ஓர் உள்வழி. மூன்றாம் நான்காம் உருளைகளுக்கு ஓர் உள்வழி. வெளியேறும் புகைக்கு மூன்று வழி: முதலாம் உருளைக்கு ஒன்று, நான்காம் உருளைக்கு ஒன்று, நடுவில் உள்ள இரண்டாம் மூன்றாம் உருளைகளுக்குச் சேர்த்து ஒன்று. எட்டுக்குப் பதிலாக ஐந்து வழி.

இதனால் என்ன வரும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். இந்த எஞ்சினில் உருளைகள் தீப்பற்றும் ஒழுங்கு 1, 3, 4, 2. உள்ளெடுத்தலும் அதே ஒழுங்கில்தான் நடக்கும். மூன்றாம் உருளை கலவையை இழுத்து முடியும் தறுவாயில் நான்காம் உருளை அதே வழியால் இழுக்கத் தொடங்குகிறது. அதன் பின் இரண்டாம் உருளை. உடனே அதே வழியால் முதலாம் உருளை. அதாவது ஒவ்வொரு கூட்டுவழியிலும் இரண்டு உருளைகள் ஒன்றன்பின் ஒன்றாக முட்டிக்கொண்டு குடிக்கின்றன. பிறகு நெடுநேரம் சும்மா இருக்கிறது. ஒரே கிணற்றில் இரண்டு வீட்டாரும் ஒரே வேளையில் தண்ணீர் அள்ளினால் எப்படியிருக்கும்? பங்கு சமமாக அமையாது. ஓர் உருளைக்குச் சற்றுக் கூடுதலாகவும் மற்றதற்குச் சற்றுக் குறைவாகவும் கிடைக்கும். காபரேற்றரை எவ்வளவு நுணுக்கமாகச் சரிசெய்தாலும் இந்த வேறுபாடு முற்றாகப் போகாது.

புகைவழியில் முட்டல் இல்லை. இரண்டாம் மூன்றாம் உருளைகளின் வெளியேற்றல் அடிப்புகளுக்கிடையே ஒரு முழுச் சுற்று இடைவெளி உண்டு. ஆனால் அந்த நடு வழிக்கு ஓய்வு பாதிதான். ஓரத்து வழி கிராங்கின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை சுடுபுகையைக் காண்கிறது. நடு வழி ஒவ்வொரு சுற்றிலும் காண்கிறது. போதாததற்கு இரண்டு உருளைகளின் புகை வால்வுகளும் அருகருகே நிற்கின்றன. தலைப்பகுதியின் மிகச் சூடான இடம் அதுவே. ஆகவே வால்வு கருகினால் நடு வால்வுகளில் ஒன்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இருக்கைகளுக்கு இடையே வார்ப்பிரும்பில் மயிரிழை போன்ற வெடிப்பு வந்தாலும் அங்கேதான் முதலில் தேட வேண்டும்.

'அப்படியானால் அந்தப் பொறியியலாளர்கள் முட்டாள்களா?' என்று கேட்பீர்கள். இல்லை. உலகப்போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த இங்கிலாந்தில், சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில், முப்பது குதிரைவலு அளவில் ஓர் எஞ்சினை அவர்கள் செய்ய வேண்டியிருந்தது. எல்லா வழியும் ஒரே பக்கத்தில் இருந்தால் வார்ப்பது எளிது, கடைவது எளிது, எஞ்சின் கட்டையாக அடங்கும். எரியும் அறையின் வடிவத்தில் அவர்கள் கஞ்சத்தனம் காட்டவில்லை. ஹரி வெஸ்லேக் என்ற நிபுணரின் முறைப்படி அதை இதய வடிவில் அமைத்து, உள்ளே வரும் கலவை நன்றாகச் சுழலும்படி செய்தார்கள். பணத்தை எங்கே செலவழிப்பது, எங்கே மிச்சம் பிடிப்பது என்று தெரிந்தே செய்த வேலை இது. மிச்சம் பிடித்த இடத்தில் பழுது வந்து உட்கார்ந்துகொண்டது. அமைப்பின் வரவு ஒரு பக்கம், பழுது செலவுப் பக்கம். இரண்டும் ஒரே கணக்கேட்டில் உள்ளவை. வரவை மட்டும் படித்துக் கணக்காளனாக முடியுமா?

சில பழுதுகள் இவ்வளவு பெரிய காரணம் உடையவை அல்ல. இந்த எஞ்சினில் தண்ணீர்ப் பம்பிக்கும் தலைப்பகுதிக்கும் இடையே ஓர் இரப்பர்க் குழாய் உண்டு. ஏறத்தாழ உங்கள் சுண்டுவிரல் நீளம். எஞ்சின் குளிராக இருக்கும்போது, ரேடியேற்றருக்குப் போகும் வழியைத் தேமோஸ்ரற் என்னும் வெப்ப வால்வு மூடி வைத்திருக்கும். அந்த நேரத்தில் தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி வருவதற்கான குறுக்கு வழிதான் இந்தக் குழாய். அது இல்லாவிட்டால் தண்ணீர் ஓரிடத்தில் தேங்கி அங்கே மட்டும் கொதிக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் குழாய் இருக்கும் இடம் கைபுகாத இடுக்கு. மாற்றுவது கடினமாகையால் பலர் அதை மாற்றுவதே இல்லை. இரப்பர் காய்ந்து வெடித்து, துளித்துளியாகத் தண்ணீர் போய், கவனியாமல் ஓட்டினால் எஞ்சின் சூடேறி, தலைப்பகுதிக்கும் உடலுக்கும் இடையிலுள்ள கஸ்கற் எரிந்துவிடும். சில சதம் பெறுமதியான இரப்பர்த் துண்டால் எஞ்சினையே கழற்ற வேண்டிய செலவு வரும்.

சிறுவயதில் எங்கள் ஊர்க் கராச் ஒன்றில் பாடசாலை விட்டதும் போய் நிற்பது என் வழக்கம். அங்கே வயதான மெக்கானிக் ஒருவர் இருந்தார். சூடேறுகிறது என்று எந்தக் கார் வந்தாலும் அவர் தன் பையனிடம் முதலில் சொல்வது இதுதான்: "தம்பி, முதல் உந்தக் கட்டைக் குழாயைத் தடவிப் பார். அதுக்குப் பிறகு மற்றக் கதையைக் கதைப்பம்." அவருக்கு நான்கு அடிப்புகளின் பெயர் தெரியுமோ தெரியாது. ஆனால் தண்ணீர் எந்த வழியால் வந்து எந்த வழியால் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

இதே விடயத்தில் நம்மவர்களின் ஒரு வழக்கத்தை நான் ஏற்றுக்கொள்வதில்லை. 'இது வெப்பநாடு, தேமோஸ்ரற் எதற்கு?' என்று சொல்லி அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். வெளியே முப்பது பாகை செல்சியஸ் என்பது எஞ்சினுக்கு வெப்பமே அல்ல. அது எண்பது பாகையை அண்டி ஓடும்படி அமைக்கப்பட்டது. குளிராக ஓடும் எஞ்சினில் பெற்றோல் முழுதாக ஆவியாகாது. எண்ணெயில் நீர் ஒடுங்கிச் சேறு படியும். உருளைச் சுவர் விரைவில் தேயும். போதாததற்கு அந்தக் கட்டைக் குழாயின் குறுக்கு வழி திறந்தே கிடப்பதால், தண்ணீரின் ஒரு பகுதி ரேடியேற்றரைக் காணாமலே சுற்றிக்கொண்டிருக்கும். குளிர்மைக்காகச் செய்த வேலை குளிர்மையைக் குறைக்கிறது!

எண்ணெய் ஒழுகலுக்கு வருவோம். பழைய மைனர் நின்ற இடத்தைத் தரையைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று கேலி செய்வார்கள். கேலியில் உண்மை உண்டு. கிராங்குத்தண்டின் பின்முனையில் இன்றைய எஞ்சின்களில் உள்ளதுபோல் இரப்பர் அடைப்பு வளையம் இதில் இல்லை. அதற்குப் பதிலாகத் தண்டின்மீதே திருகுபுரி போன்ற ஒரு தவாளிப்பை வெட்டியிருக்கிறார்கள். தண்டு சுழலும்போது அந்தப் புரி வெளியே வரப்பார்க்கும் எண்ணெயைத் திருகி உள்ளே தள்ளிவிடும். உராய்வு இல்லை, தேயும் இரப்பர் இல்லை, அழகான யோசனை. ஆனால் எஞ்சினை நிறுத்தினால் புரியும் நின்றுவிடும். பிறகு ஒரு சொட்டு, இரண்டு சொட்டு.

சொட்டு ஓட்டமாக மாறினால் அது வேறு செய்தி. முசலத்தைச் சுற்றியுள்ள வளையங்கள் தேய்ந்துபோனால், எரியும் வாயு உருளைச் சுவரோரமாக நழுவிக் கீழே எண்ணெய் உள்ள அறைக்குள் புகுந்து அங்கே அமுக்கத்தை உண்டாக்கும். அந்த அமுக்கம் எண்ணெயைப் புரியைத் தாண்டி வெளியே தள்ளும். அது கிளச்சில் பட்டு வழுக்கும். ஒழுகுவது பின்புறத்தில், நோய் இருப்பது நடுவில். அடைப்புத்தான் பழுதென்று எண்ணிப் பின்புறத்தைக் கழற்றியவர்கள் பலர். காரணமும் விளைவும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடம் காட்டும்?

சில்லறைப் பழுதுகளை விரைவாகச் சொல்கிறேன். மைனரில் பெற்றோலை இழுப்பது ஒரு மின்பம்பி. சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் மௌனமாகிவிடும். நில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தால் தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது குழாயில் எங்கோ காற்று புகுகிறது. அடியே கேட்காவிட்டால் உள்ளே உள்ள மின்தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. செருப்பால் ஒரு தட்டுத் தட்ட அது மறுபடியும் உயிர்பெறும், இது பகிடியல்ல. தீப்பொறிக்கான தொடுமுனைகளின் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர். அது தேய்ந்து மாறினால் தீப்பொறி பிறக்கும் நேரமும் மாறிவிடும். முன்பக்கத்திலிருந்து சங்கிலி குலுங்குவது போன்ற ஓசை வந்தால், அது கேம் தண்டைச் சுழற்றும் சங்கிலி நீண்டுவிட்டது என்று பொருள். காதால் படிக்கக்கூடிய பழுதுகள் இவை.

இனி ஒரு வேடிக்கை. மைனரை அமைத்த அலெக் இசிகோனிஸ் என்பவரே 1959இல் மினி காரையும் அமைத்தார். பத்தடி நீளத்துக்குள் நால்வர் இருக்க வேண்டும் என்பதற்காக எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, கியர்ப்பெட்டியை அதன் அடியில் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே புகுத்திவிட்டார். எஞ்சின் அதே ஏ வரிசைதான். ஆனால் மைனரில் ஒரு பக்கமாகப் பத்திரமாக இருந்த பிளக்குகளும், அவற்றுக்கு மின்னைப் பங்கிடும் டிஸ்ரிபியூற்றரும் இப்போது காரின் முன்வாசலை நோக்கி வந்துவிட்டன. மழையில் ஓட்டினால் முன்கம்பிகளூடாகத் தண்ணீர் நேரே அவற்றின்மேல் தெறிக்கும். தொடக்க கால மினிகள் மழையில் நின்றுபோவதற்குப் பேர்போனவை. எஞ்சினின் அடிப்படை அமைப்பு மாறவில்லை. நின்ற திசை மாறியது, புதுப் பழுது பிறந்தது. ஆகவே பழுது என்பது பொருளுக்குள் மட்டும் இருப்பதல்ல, பொருளுக்கும் அதன் சூழலுக்கும் இடையே இருப்பது.

இதன் மறுபக்கத்தை யாழ்ப்பாணம் கண்டது. 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. கிடைத்தது ஓரளவு மண்ணெண்ணெய்தான்; அதுவும் விலைகூடியது. அந்த ஆண்டுகளில் மொறிஸ் மைனரும் பழைய ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நோயாளரையும் பிள்ளைப்பேற்றுக்குப் போகும் தாய்மாரையும் ஏற்றிச் சென்ற வாடகைக் கார்களும் அப்படித்தான் ஓடின. தெருவெல்லாம் மண்ணெண்ணெய் அடுப்பின் மணம். உங்கள் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள்.

இது எப்படி இயன்றது? மண்ணெண்ணெயில் இரண்டு தடைகள் உண்டு. ஒன்று, அது பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாகாது. மற்றது, நெருக்கும்போது தீப்பொறிக்கு முன்னரோ பின்னரோ தானாகவே வெடித்து எஞ்சினைத் தட்டத் தொடங்கும். அதாவது அதன் ஒக்ரேன் எண் மிகக் குறைவு. இப்போது நாம் பார்த்த அமைப்பை நினைத்துப் பாருங்கள். கலவை வரும் வழியும் புகை போகும் வழியும் ஒரே பக்கத்தில், ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. நடு வால்வுகளைக் கருக்கிய அதே நெருக்கம், வரும் கலவையைச் சூடாக்கி மண்ணெண்ணெயை ஆவியாக்க உதவியது. அடுத்து நெருக்கல் விகிதம். உருளையின் கனவளவை எத்தனையில் ஒரு பங்காக முசலம் நெருக்குகிறது என்பதே அது. இன்றைய கார்களில் அது பத்துக்கு மேல். 803 எஞ்சினில் 7.2 மட்டுமே, 948 எஞ்சினிலும் தரக்குறைவான பெற்றோல் கிடைக்கும் நாடுகளுக்காக 7.2 விகிதத்தில் ஒரு வகை செய்தார்கள். குறைந்த நெருக்கல் என்றால் குறைந்த திறன். பெற்றோலின் சக்தியில் பெரும்பகுதி வீணே வெப்பமாய்ப் போய்விடும். ஏட்டில் அது குறை. பெற்றோல் இல்லாத ஊரில் அந்தக் குறைதான் காரை ஓடவைத்தது.

இதை யாரும் யாழ்ப்பாணத்தில் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெயில் உழும் டிராக்டர்களை இங்கிலாந்தில் முன்பே செய்திருந்தார்கள். ஆனால் அந்த டிராக்டர்கள் அதற்கென்றே அமைக்கப்பட்டவை. இங்கே அமைக்கப்படாத ஒன்றை, அதன் அமைப்பை அறிந்தவர்கள் கொண்டு இயக்கினார்கள். விலையும் கொடுத்தார்கள். ஆவியாகாத மண்ணெண்ணெய் உருளைச் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். எண்ணெய் அளக்கும் கோலை இழுத்துப் பார்த்தால் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும்! அறியாதவன் மகிழ்ந்துபோவான். அறிந்தவன் உடனே எண்ணெயை மாற்றுவான். உருளைக்குள் படிந்த காபன் தணலாகக் கனன்று, சாவியை எடுத்த பின்னரும் எஞ்சின் சிறிது நேரம் தானே உதறி உதறி ஓடும்.

இவ்வளவும் சொன்னதால், 'அந்தக் காலத்து எஞ்சின் போல வருமா!' என்று பெருமூச்சு விடும் கூட்டத்தில் என்னையும் சேர்த்துவிடாதீர்கள். அந்த எஞ்சின் ஒரு நஞ்சைத் துணையாகக் கொண்டு வாழ்ந்தது. 1921இல் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜிலி என்பவர், ஈயச் சேர்வை ஒன்றைப் பெற்றோலில் கலந்தால் எஞ்சின் தட்டுவது நிற்கும் என்று கண்டார். அந்த ஈயம் இன்னொரு வேலையையும் சத்தமில்லாமல் செய்தது. ஏ வரிசையில் புகை வால்வின் இருக்கை, தலைப்பகுதியின் வார்ப்பிரும்பிலேயே நேராகக் கடையப்பட்டது. சுட்டுச் சிவந்த வால்வு மென்மையான இரும்பின்மேல் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை மோதும்போது இரண்டும் கணநேரம் ஒட்டிப் பிரியும். ஒவ்வொரு பிரிவிலும் இருக்கையின் ஒரு துகள் போகும். எரிந்த ஈயம் இடையில் மெல்லிய படலமாகப் படிந்து இதைத் தடுத்தது.

அதே ஈயம் புகையோடு வெளியேறித் தெருவோரக் குழந்தைகளின் இரத்தத்தில் கலந்தது. அவர்களின் மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. உலகில் கடைசியாக 2021இல் அல்ஜீரியா அதன் விற்பனையை நிறுத்தியது. ஈயம் போனதும் பழைய எஞ்சின்களில் வால்வு இருக்கை தேய்ந்து உள்ளே அமிழத் தொடங்கியது. வால்வுக்கும் நெம்புக்கும் இடையே இருக்கவேண்டிய 0.3 மில்லிமீற்றர் இடைவெளி மெல்ல மெல்ல மறைந்துவிடும். பிறகு வால்வு முழுதாக மூடாது, கருகும். பரிகாரம் உண்டு: இருக்கையைக் குடைந்து கடினமான உருக்கு வளையம் பதிப்பது. எஞ்சினுக்கு ஒரு வளையம் செலவு. குழந்தைகளின் மூளைக்கு மாற்று உதிரிப்பாகம் இல்லை. எந்தப் பழுதைப் பொறுத்துக்கொள்வது, எதைப் பொறுக்கக்கூடாது என்ற கேள்வியை மெக்கானிக்கிடம் மட்டும் விட்டுவிட முடியாது என்பதற்காகவே இதை இங்கே எழுதுகிறேன்.

ஆசிரியர்கள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு: 'இனி மின்கார் காலம். இருக்கும் பெற்றோல் கார்களிலும் கணினி வந்துவிட்டது. பழுதை அதுவே சொல்லும். இந்தப் பழங்கதை எதற்கு?' கணினி சொல்வது உண்மை. இன்றைய கார் ஒன்றில் கருவியைச் செருகினால் 'பி 0301' என்று ஓர் எண் வரும். முதலாம் உருளையில் தீப்பற்றல் தவறுகிறது என்பது அதன் பொருள். எந்த உருளை என்று சொல்லிவிட்டது. ஏன் என்று சொல்லவில்லை. பிளக்கா, அதற்கு மின் தரும் சுருளா, பெற்றோல் தெளிக்கும் முனையா, கருகிய வால்வா? அதை அறிய, அந்தப் பழைய மெக்கானிக் கட்டைக் குழாயைத் தடவிய அதே வழியில்தான் போக வேண்டும். எதிலிருந்து எது வருகிறது, எது எதைத் தொடுகிறது, எது எப்போது சூடேறுகிறது? மின்காரிலும் பற்றறி சூடேறும். அதையும் குளிர்விக்கத் தண்ணீர் ஓடும். அந்தத் தண்ணீருக்கும் ஒரு குழாய் இருக்கும்.

கையால் தொட்டுக் கண்ணால் பார்க்கக்கூடிய எஞ்சினில் இந்தப் பழக்கத்தைப் பெறுவது எளிது. அதற்கு மைனரைப்போல் வாய்ப்பான ஆசிரியர் அரிது. மூடியைத் திறந்தால் எல்லாம் வெளியே தெரியும். பிளாஸ்டிக் உறை எதுவும் மறைக்காது. பெரிய பாடசாலைகள் பல, பழைய எஞ்சின் ஒன்றை வெட்டித் திறந்து வர்ணம் பூசிக் கண்ணாடிக்குள் வைத்திருக்கின்றன. வைத்திருக்கட்டும். அதற்குப் பக்கத்திலேயே ஒரு கருகிய வால்வையும், எரிந்த கஸ்கற்றையும், வெடித்த இரப்பர்த் துண்டையும் ஒரு தட்டில் வைத்து, 'இது எந்த இடத்துப் பொருள்? ஏன் இப்படி ஆயிற்று?' என்று கேட்டால் என்ன? எந்தக் கராச்சிலும் இவை குப்பையில் கிடக்கின்றன. ஒரு சதமும் செலவில்லை.

உங்கள் ஊரில் யாரிடமாவது மைனர் இருந்தால் அனுமதி கேட்டு ஒருநாள் போய்ப் பாருங்கள். எஞ்சின் நன்றாக ஆறிய பின்னரே கை வையுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேற்றரின் மூடியை ஒருபோதும் திறக்கக்கூடாது. அமுக்கத்தில் உள்ள கொதிநீர் முகத்தில் பாயும். சொந்தக்காரரைக் கொண்டே நான்கு பிளக்குகளையும் கழற்றச் செய்து, எது எந்த உருளைக்குரியது என்று கடதாசியில் எண் எழுதி, 1, 2, 3, 4 என வரிசையாக வையுங்கள். முனையின் நிறத்தைக் கவனியுங்கள். மங்கலான மண்ணிறம் என்றால் நலம். கரி படிந்திருந்தால் பெற்றோல் கூடுதல். வெளிறியிருந்தால் குறைவு அல்லது சூடு கூடுதல். எண்ணெய்ப் பிசுபிசுப்பு என்றால் வளையம் தேய்வு. கூட்டுவழிகளை நினைத்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். நான்கும் சிறிதும் வேறுபாடின்றி ஒரே நிறத்தில் இருந்தால் எனக்கு எழுதுங்கள். அப்படி ஒரு மைனரை நான் இதுவரை கண்டதில்லை.